மாத்திரையை நிறுத்தியவன் நான்தான்

என் தம்பி அர்ச்சுனனுக்கு,

பெருமாள் எழுதுகிறேன். உன் அண்ணன். யாரையும் உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். இந்த இரண்டு வரிக்கு ஒரு காலைப் பொழுது போய்விட்டது. எழுதி முடித்துக் கையை உதறிக்கொண்டு, அதையே பத்துத் தடவை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறதடா. எழுபத்தொரு வயதில் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது.

உனக்குக் குழப்பமாக இருக்கும். அண்ணனுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியுமே, இதில் என்ன புதுசு என்று கேட்பாய். தெரியாது, அர்ச்சுனா. போன வருஷம் வரைக்கும் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. காலையில் காப்பிக் கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது படம் பார்த்தது. ரயில்வேயில் நான் போட்ட கையெழுத்து, ஆபீஸ் கிராணி ஒருவர் பழக்கிவிட்ட கோடு. நீ பத்து வயதில் தோட்டத்து வேலைக்குப் போனவன், பள்ளிக்கூடத்து வாசலைப் பார்க்காதவன். "எங்கண்ணன் படிச்சவரு" என்று நீ போகிற இடமெல்லாம் சொல்லி வைத்தாய். அதற்குப் பிறகு நான் எப்படி இல்லை என்று சொல்வது?

பிரிக்பீல்ட்ஸில் மெதடிஸ்ட் தேவாலயத்துப் பின் மண்டபத்தில் மேரி டீச்சர் என்று ஒருவர் வாரம் இரண்டு காலை வகுப்பு நடத்துகிறார். தோட்டப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் நான்கு பெண்கள், நான் ஒருத்தன்தான் ஆம்பளை. முதல் மாதம் மூன்று பென்சிலை ஒடித்தேன்.

"அங்கிள், மெதுவா லா! இது என்ன, தண்டவாளத்துல ஆணி அடிக்கிறீங்களா?" என்று டீச்சர் கேட்டார். அந்த நான்கு பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது வருஷம் தண்டவாளத்தில் அதைத்தானே செய்தேன்.

உன் அண்ணியிடம் வகுப்புக்குப் போவதை எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் யோசித்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "போங்க. நல்லதுதான்" என்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணம் ஆன மாசமே தெரியும். படம் இல்லாத பக்கம் வந்தா பட்டுன்னு திருப்பிருவீங்க."

இத்தனை வருஷம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக நான் சந்தோஷப்பட வேண்டுமா, வருத்தப்பட வேண்டுமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ மேலே படித்தால் உனக்கே புரியும்.

எழுத்து பழகிய ஏழாவது மாதம், ரயில்வே குடியிருப்பை இடிக்கப் போவதாகச் சொல்லி எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். நீ எங்களோடு இருந்த வீடுதான். அங்கே இனிமேல் பெரிய ஸ்டேஷன் வருமாம். சாமான் கட்டும்போது இரும்புப் பெட்டியின் அடியில், என் யூனியன் அட்டையோடு, நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. உனக்கு மாத்திரை கொடுத்த டாக்டரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் என் கையில் கொடுத்த காகிதம். பதினாறு வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து விரலை வைத்துப் படித்தேன். வகுப்பில் இல்லாமல், டீச்சர் பக்கத்தில் இல்லாமல், நான் தனியாக முழுசாகப் படித்த முதல் காகிதம் அதுதான். அதில் இருந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"சிறிய போத்தல் பத்து நாள். பிறகு பெரிய போத்தல். எப்போதும் சாப்பாட்டின் பின். பெரிய போத்தல் தொடங்கியதும் முகம், கழுத்து, நெஞ்சு சிவந்து எரியும், அரிப்பு எடுத்துக் கடிக்கும். பயப்பட வேண்டாம். அரை மணி நேரத்தில் அடங்கும். சில நாளில் பழகிவிடும். பயந்து நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் உடனே என்னிடம் வரவும்."

படித்து முடித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் நம் கால் மாதிரியே இருக்காதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அண்ணி வந்து, "லோரி வந்துருச்சு, எந்திரிங்க" என்றாள். எழுந்து பெட்டியைத் தூக்கினேன்.

நீ கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன், அதில் படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நீ போர்ட் கிள்ளானில் லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாய். நல்ல வேலைக்காரன். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் படுக்கையில் உட்கார்ந்துவிட்டாய். மறு நாளும் அப்படித்தான். உனக்குக் காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, யாரோடும் சண்டை இல்லை. கேட்டால், "ஒன்னும் இல்லண்ணே, கை கால் எந்திரிக்க மாட்டேங்குது" என்றாய். சம்சு சாராயம் குடித்ததால் அப்படி உட்கார்ந்தாயா, அப்படி உட்கார்ந்ததால் சம்சு குடித்தாயா? இரண்டில் எது முதலில் வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. குடிகாரன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். உன் பெண்டாட்டி பூங்காவனம் எட்டு வயது சாந்தியைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் பக்கம் காப்பாரில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் உன்னை பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பைத்தியக்கார வார்டில் போட்டுவிடுவார்கள் என்று எங்களுக்குப் பயம். ரயில்வேயில் ஒருவர்தான் அந்த யாழ்ப்பாணத்து டாக்டரைப் பற்றிச் சொன்னார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டின் முன்னறையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு வைட்டமின் டாக்டர் என்று பெயர். வெளிநாட்டுப் புத்தகங்களை வரவழைத்துப் படிப்பவர். மனம் ஒடிந்து கிடப்பவர்களுக்கும் குடியை விட முடியாதவர்களுக்கும் வைட்டமின் மாத்திரையையே பெரிய அளவில் கொடுத்தார்.

அந்த அறை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். அவர் உன் நாக்கைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார்.

"நீர் கெட்டவன் இல்லை காணும்," என்று உன்னிடம் சொன்னார். "உம்மடை உடம்பிலை ஒரு சத்துக் குறைஞ்சு போச்சு. அதுதான் மனமும் எழும்பேல்லை. இது மருந்துகூட இல்லை. சாப்பாட்டிலை இருக்கிற சத்துத்தான். அதை நான் கூடக் குடுக்கிறன்."

நீ தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாய். நீ கெட்டவன் இல்லை என்று, நீ உட்கார்ந்துபோன அந்த ஒரு வருஷத்தில் உனக்கு வேறு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்கூடச் சொல்லவில்லை.

பிறகு அவர் மேசையில் இரண்டு போத்தலை வைத்தார். சின்னது பத்து நாள், பிறகு பெரியது என்று விரலைக் காட்டிச் சொன்னார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தமிழ் வாசிப்பீரோ?"

"வாசிப்பேன் டாக்டர்."

"நல்லது. மிச்சமெல்லாம் இதிலை எழுதித் தாறன். வாசிச்சுப் போட்டுக் குடும்."

அவ்வளவுதான் நடந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் வாயால் சொல்லியிருப்பார். நீ பக்கத்தில் இருந்தாய், சொல்ல முடியவில்லை. உன் முன்னால் நான் படிச்சவன்.

சின்னப் போத்தல் ஓடிய பத்து நாளும் நல்ல நாள். நீ குடிக்கவில்லை. முதல் நான்கு நாள் கை நடுங்கியது, அண்ணி கஞ்சியைக் கரண்டியால் கொடுத்தாள். ஐந்தாம் நாள் நீயாக எழுந்து குளித்தாய். ஏழாம் நாள் வாசலைக் கூட்டினாய். அண்ணி விளக்குமாற்றைப் பிடுங்க வந்தாள்.

"தம்பி, குடுங்க, ஆம்பள கூட்டுனா நாலு பேரு என்னயத்தான் பேசுவாங்க."

"பேசட்டும் அண்ணி. நான் ஏற்கெனவே கெட்ட பேரு வாங்குனவன், இதுவும் சேந்துக்கட்டும்" என்றாய். அந்த வருஷத்தில் நீ சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று சிரித்தோம்.

பதினோராம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய போத்தலில் இருந்து முதல் மாத்திரை. நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். நீ, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாய். வந்து பார்த்தால் உன் முகம் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது. கழுத்து, காது, நெஞ்சு எல்லாம் சிவந்து, தொட்டால் சுட்டது. நீ இரண்டு கையாலும் சொறிந்துகொண்டிருந்தாய்.

அண்ணி வந்து ஒரு பார்வை பார்த்தாள். உடனே தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்திருக்கா. சொறியாதீங்க தம்பி, ஆத்தாளுக்குக் கோவம் வரும். முத்து இன்னும் எழும்பல, நாளைக்கு எழும்பும்."

எனக்கும் அதுதான் தோன்றியது. அம்மையை நான் நிறையப் பார்த்தவன். சிவந்து, சுட்டு, அரித்தால் அது வேறு என்ன? நாம் பிறந்த தோட்டத்தில் அப்படித்தானே ஆரம்பிக்கும். அண்ணி நிலைப்படியில் வேப்பிலை செருகினாள். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்புக் கிடையாது, விருந்தாளி கிடையாது, மருந்து கிடையாது. ஆத்தா இருக்கும் வீட்டில் மாத்திரை கொடுத்தால் அவளை அவமதிப்பது. அது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

நீ பாயில் படுத்துக்கொண்டு கேட்டாய். "அண்ணே, டாக்டர் பேப்பர் குடுத்தாரே. இதப் பத்தி என்னமாச்சும் போட்டிருக்கா?"

நான் சட்டைப் பையில் இருந்து காகிதத்தை எடுத்தேன். ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன். படிக்கிறவர்கள் எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்று கணக்குப் பண்ணி அவ்வளவு நேரம் நின்றேன். அண்ணி கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒன்னும் போடலடா. சாப்பாட்டுக்கு அப்புறம்னுதான் போட்டிருக்கு."

"செவக்கும்னு எதுவும்?"

"இல்லடா."

நீ, "சரிண்ணே" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

அரை மணி நேரத்தில் சிவப்பு அடங்கிவிட்டது. ஆத்தா கருணை காட்டினாள் என்று அண்ணி அழுதாள். மூன்றாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். முத்து எழும்பவே இல்லை. நீ, "மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கலாமாண்ணே?" என்று கேட்டாய். மாத்திரையால் ஆத்தாவுக்குக் கோபம் என்று எனக்குப் பட்டது. பெரிய போத்தலை எடுத்து அலமாரிக்கு மேலே, உன் கை எட்டாத இடத்தில் வைத்தேன். டாக்டரிடம் கேட்கப் போகவில்லை. போனால், "பேப்பரை வாசிச்சீரோ?" என்று கேட்பார்.

பத்து நாள் கழித்து, சாந்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காப்பாருக்குக் கிளம்பினாய். அன்று வரை ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நீ திரும்பி பிரிக்பீல்ட்ஸுக்கு வரவில்லை. கிள்ளானில் பழைய கூட்டாளிகளோடு இருப்பதாகச் செய்தி வந்தது. இரண்டு தடவை வந்து கூப்பிட்டேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காவது மாதம் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். ஈரல் போய்விட்டது என்றார்கள்.

உன்னை எடுத்த அன்று கிள்ளானில் வீடு நிறைய ஆட்கள். பூங்காவனம் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "நல்ல டாக்டரு நல்ல மாத்திரை குடுத்தாரே! தூக்கிப் போட்டுட்டு சாராயத்துக்குப் போனியே, பாவி!" அங்கே இருந்த எல்லோரும் கேட்டார்கள். சாந்தி கேட்டாள். நான் உன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். தூக்கிப் போடவில்லை, நான்தான் எடுத்து வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து கிள்ளானில் உன் பேச்சு வந்தால், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குடித்துச் செத்தவன் என்றுதான் சொல்வார்கள். குடிக்கிற பிள்ளைகளைத் திட்டும்போதுகூட உன் பெயரைச் சொல்வார்கள். என் காதிலேயே விழுந்திருக்கிறது.

காகிதத்தைப் படித்த பிறகு ஒரு வாரம் பென்சிலைத் தொடவில்லை. அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அன்னைக்கு நான் ஜன்னல்கிட்ட நின்னு படிச்சப்ப, சும்மா பாக்குறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"தம்பி முன்னால உங்க மொகம் என்ன ஆவும்?" என்றாள். பிறகு, "ஆத்தாதான்னு நானும் நெனச்சேனே" என்றாள். அவள் அரிசி களையப் போனாள்.

அந்த வைட்டமின் டாக்டர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அர்ச்சுனா. தொண்ணூறு வயது நெருங்குகிறது. அதே வீடு. முன்னறையில் இப்போது பேரன் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். டாக்டருக்குக் கண் தெரியவில்லை, சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். நான் யார், நீ யார் என்று சொன்னேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. நீங்கள் எழுதிய காகிதம் கொண்டு வந்திருக்கிறேன் என்றேன்.

"எனக்குக் கண் இல்லை. நீர் வாசியும் பாப்பம்."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். "பயப்பட வேண்டாம்" என்ற இடத்தில் தடுமாறி, இரண்டாவது தடவை சரியாகச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் இப்பத்தான் பழகினீர், என்ன?"

"ஆமாங்க டாக்டர்."

"அப்ப அண்டைக்கு உமக்கு வாசிக்கத் தெரியாது."

"தெரியாதுங்க. தெரியும்னு சொல்லிட்டேன்."

நான் எதைக் கேட்கப் போனேனோ அதைக் கேட்டேன். "நிறுத்தாம குடுத்திருந்தா என் தம்பி பொழைச்சிருப்பானா டாக்டர்?"

அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்குக் கேட்டிருந்தால், ஓம், கட்டாயம் எண்டு சொல்லியிருப்பன். இப்ப எனக்குத் தெரியாது. என்னட்டை வந்தவையிலை சில பேர் எழும்பினவை, சில பேர் எழும்பேல்லை. எழும்பினது நான் குடுத்த குளிசையாலையோ, கிழமைக்கு ஒருக்கா வந்து என்னோடை இருந்து கதைச்சதாலையோ, ஆருக்குத் தெரியும்? பெரிய ஆஸ்பத்திரி டொக்டர்மார் என்னைப் பாத்துச் சிரிச்சவை. அப்ப எனக்குக் கோபம். இப்ப இல்லை."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் பேசினார். "இன்னொண்டும் சொல்ல வேணும். அந்தக் குளிசையைக் கூடக் குடுத்தால் ஈரலுக்குக் கூடாது எண்டு பிறகு வாசிச்சன். உம்மடை தம்பிக்கு ஈரல் முந்தியே பழுது. நீர் நிப்பாட்டினது நல்லதாயும் இருக்கலாம். நானும் அண்டைக்குத் தெரியும் எண்டு சொன்ன ஆள்தான், காணும்."

வெளியே வந்தேன். வெயில் நன்றாக இருந்தது. கடைப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தேன். படிக்க முடிகிறது என்பது அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன மனுஷன் நான் என்று தோன்றியது. மாத்திரை உன்னைக் காப்பாற்றியிருக்குமா என்பது டாக்டருக்கே தெரியாது என்றால் எனக்கு எங்கே தெரியப் போகிறது? சாகும் வரைக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். இப்போது கரண்டு ரயில் ஓடுகிறது, உள்ளே குளிராக இருக்கிறது. பூங்காவனமும் சாந்தியும் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார்கள். சாந்திக்குத் துறைமுகத்தில், கிடங்கு ஆபீஸில் வேலை. உன் நெற்றிதான் அவளுக்கு. பூங்காவனம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். சாந்தி காப்பி கலக்கப் போனாள். வேண்டாம்மா, முதலில் உட்கார் என்றேன். காகிதத்தை எடுத்துப் படித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"அப்பா தூக்கிப் போடலையா பெரியப்பா?"

"இல்லம்மா. நான்தான் எடுத்து அலமாரி மேல வெச்சேன். உங்கப்பா திரும்பக் கேட்டான். நான் குடுக்கல."

அவள் என் கையில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். "அம்மா வர்ற நேரந்தான். அவங்ககிட்டயும் நீங்களே படிங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று எழுந்து போனாள். காப்பி வரவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.

பூங்காவனம் காய்கறிப் பையோடு வந்தாள். "என்ன மாமா, சொல்லாம கொள்ளாம?" என்று சிரித்தாள். அவளிடமும் படித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையைக் கீழே வைக்கவே இல்லை. நின்றபடியே கேட்டாள்.

"நான் அவரக் கேட்டேன் மாமா," என்றாள். "வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு காப்பாருக்கு வந்தாரே, அன்னைக்கு. 'மாத்திர ஒழுங்கா சாப்புடுறீங்களா'ன்னு கேட்டேன். 'நிறுத்தியாச்சு'ன்னாரு. 'யாரு நிறுத்துனா, உங்கண்ணனா?'ன்னு கேட்டேன். 'அண்ணன ஒன்னும் சொல்லாத. வேணாம்னு நானே தூக்கிப் போட்டுட்டேன்'ன்னாரு. மாத்திரையவே விட்டவன் குடிய எங்க விடப் போறான்னு சொல்லி, கதவச் சாத்திட்டேன். புள்ளயக் காட்டல."

அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் என்ன செய்வேன்? "என்னத் திட்டும்மா" என்றேன்.

"பதினாறு வருஷமா அவரத் திட்டிக்கிட்டேதான் அடுப்புல நின்னேன். திடுதிப்புனு ஆள மாத்த முடியுமா மாமா?" என்றாள். அப்புறம்தான் பையைக் கீழே வைத்தாள். சாந்தி உள்ளே இருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாய், அர்ச்சுனா? உனக்கும் தெரியுமா? அன்று ஜன்னலோரம் நான் வெறுமனே கண்ணை ஓட்டிக்கொண்டு நின்றது உனக்கும் தெரிந்துதான், "சரிண்ணே" என்று கண்ணை மூடிக்கொண்டாயா? அண்ணிக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? இதைக் கேட்க எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

ரயிலில் திரும்பி வரும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் படித்துக்கொண்டு வந்தேன். அது மலாய் எழுத்து, அதையும் இப்போது பழகுகிறேன்.

மேரி டீச்சர் இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தார். "அங்கிள், பேர மாத்திப் போடலாமா? உங்களுக்குத்தானே அவமானம்" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உன் பெயர் சொல்லித்தான் கிள்ளானில் பேசினார்கள். உன் பெயரும் என் பெயரும் அப்படியே வரட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இது அச்சில் வந்ததும் கிள்ளானுக்குப் போவேன். உன்னை எடுத்த அன்று அந்த வீட்டில் நின்றவர்களில் உயிரோடு இருக்கிறவர்களைத் தேடுவேன். படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களே படிக்கட்டும். தெரியாதவர்களுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன், மெதுவாக, ஒரு வரிகூட விடாமல். படிக்கத் தெரியுமா என்று அவர்களை முதலில் கேட்க மாட்டேன். கேட்டால் தெரியும் என்று சொல்லிவிடுவார்கள்.

உன்னோடு பிறந்த உன் அண்ணன்,
பெருமாள்